பழைய காருக்கு உயிர் கொடுக்கும் கைகள்!

புதுக் கார் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டும். பழைய காரை ஓட வைக்க ஓர் ஆள் போதும். ஆனால், அந்த ஆள் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும்!

அப்படித் தொழில் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுக்குப் பிறகு யார்? இதுதான் கேள்வி.

காஞ்சீபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இது கார் விளையும் பூமி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதைச் சுற்றி லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். ஏனாத்தூர் பையனுக்கும், உத்திரமேரூர் பையனுக்கும் கார் கம்பெனி வேலை என்பது எட்டாத கனவு அல்ல. எட்டிப் பிடிக்கக்கூடிய பிழைப்பு.

நல்ல செய்திதான். ஆனால், கார் செய்வது வேறு. கார் பழுது பார்ப்பது வேறு!

தொழிற்சாலையில் ஒருவர் கதவை மாட்டுவார். இன்னொருவர் கண்ணாடியைப் பொருத்துவார். அவரவர் வேலை அவரவருக்கு. பழைய கார் பட்டறையில் அப்படி முடியாது. அங்கே ஒரே ஆள் எஞ்சினையும் அறிந்திருக்க வேண்டும். பிரேக்கையும் அறிந்திருக்க வேண்டும். தகரத்தின் குணத்தையும், கம்பியில் ஓடும் மின்சாரத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

வண்டலூரில் பிறந்த கார்

இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான பழைய கார் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. காஞ்சீபுரம், உத்திரமேரூர், வண்டலூர் எல்லாம் அப்போது ஒரே செங்கற்பட்டு ஜில்லா. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு என்ற காரைத்தான் வண்டலூரில் 1961 முதல் செய்தார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர்.

ஹெரால்டு செய்வது 1971-ல் நின்றது. பிறகு அந்தக் கம்பெனியும் 1980-களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது. மற்ற பழைய கார்களின் கதையும் இதுதான். பியட் என்று எல்லோரும் அழைத்த பிரிமியர் பத்மினி நின்றுவிட்டது. மந்திரிகள் முதல் வாடகைக் கார்க்காரர்கள் வரை ஏறிச் சென்ற அம்பாசடரும் 2014-ல் நின்றுவிட்டது.

கம்பெனி மூடிவிட்டால் என்ன ஆகும்? புது உதிரிச் சாமான் வராது. பட்டறைக்காரர்தான் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், லேத்துப் பட்டறைக்குப் போய்க் கடைந்து வாங்க வேண்டும். தகரம் என்றால், தானே வெட்டி, தானே வளைத்து, தானே தட்ட வேண்டும்.

ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. முன்பக்க மூடி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் கண்முன் நிற்கும். பழுது பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் உடல், தனியான அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. பகுதி பகுதியாகக் கழற்றலாம். கழற்றுவது எளிது. திரும்பவும் கதவும் இடுக்கும் ஒன்றுபோல அமையும்படி பூட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது!

சாவியைத் திருப்பாதே!

பத்து ஆண்டு, இருபது ஆண்டு கொட்டகையில் கிடந்த கார் பட்டறைக்கு வருகிறது. சொந்தக்காரருக்கு ஆசை தாங்காது. "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்களேன்" என்பார்.

தொழில் தெரிந்தவர் செய்யமாட்டார். ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

என்ன காரணம்? நெடுநாள் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வலுவாகச் சுற்றினால் வளையம் உடையும். சிலிண்டரில் கீறல் விழும். பழைய பெட்ரோல் பிசினாகிக் குழாயை அடைத்திருக்கும்.

ஆகவே, முதல் வேலை பொறுமை. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களில் கொஞ்சம் எண்ணெய் விடுகிறார்கள். சில நாள் ஊற விடுகிறார்கள். பிறகு கையாலேயே மெதுவாக எஞ்சினைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அது அசைந்து கொடுத்தால் பாதி வெற்றி!

அதன் பிறகுதான் கழற்றும் வேலை. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு டப்பா. ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அடையாளச் சீட்டு. இப்போது செல்போனில் படமும் எடுத்து வைக்கிறார்கள். கழற்றும்போது ஐந்து நிமிடம் சோம்பினால், பூட்டும்போது ஐந்து நாள் விழிக்க வேண்டும்.

துரு என்னும் கரையான்

பழைய காருக்குப் பெரிய எதிரி துரு. அது கரையான் மாதிரி. வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே தகரம் பொடியாகியிருக்கும். கதவுக்கு அடியிலும், கால் வைக்கும் தரையிலும், சக்கரத்துக்கு மேலே சேறு தங்கும் மூலைகளிலும் துரு குடியிருக்கும்.

துருவின் மேல் பட்டி பூசி வர்ணம் அடித்துவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

நல்ல தொழிலாளி அப்படிச் செய்யமாட்டார். கெட்ட தகரத்தை நல்ல தகரம் தென்படும் வரை வெட்டி எடுப்பார். அதே கனமுள்ள புதுத் தகரத்தை வெட்டிப் பற்றவைப்பார். உள்ளே ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கலாக வைத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டிச் சமன் செய்வார். கண்ணுக்குத் தெரியாத மேடு, உள்ளங்கையால் தடவினால் தெரியும்!

காஞ்சீபுரம் தறிக்காரர் வீட்டில் பாவு பிணைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தீர்ந்துபோன பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். ஓர் இழை தப்பினாலும் புடவையில் தெரியும். தகர வேலையும் அப்படித்தான்.

பெட்ரோலும் பிரேக்கும்

பழைய காரை ஓட வைப்பதைவிட, நிற்க வைப்பது முக்கியம்!

பிரேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும். ரப்பர் வளையங்களும் நாளாக ஆக இறுகிப்போகும். ஹெரால்டு போன்ற கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ப் பாதைதான். எங்காவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால், கால் பிரேக் முழுவதும் போய்விடும். ஆகவே, பட்டறையில் எஞ்சின் உறுமுவதற்கு முன் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். "பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பட்டறையை விட்டு விலகிவிடுவது நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது உடலுக்குக் கேடு என்பதால், 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. ஆகவே, இப்போது எஞ்சினைப் பிரிக்கும்போது அந்த இடத்தில் கெட்டியான உலோக வளையத்தைப் பொருத்துகிறார்கள்.

2025-ல் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை வந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், தண்ணீரையும் உறிஞ்சும். அதற்கேற்ற குழாய்களைப் போட வேண்டும். மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக்கூடாது.

பார்த்தீர்களா? பழைய காரைப் பழுது பார்ப்பவர் பழைய வித்தையை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. இன்றைய நடப்பும் தெரிய வேண்டும்!

முதல் மெக்கானிக் ஒரு தாய்

"இது ஆண் பிள்ளைகள் தொழில்" என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அதை வாங்க ஆள் வரவில்லை. 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோ மீட்டருக்கு மேல் அந்த வண்டியில் தாய் வீட்டுக்குப் போனார்!

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதில் அடிக்கச் செய்தார். எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார்.

உலகத்தின் முதல் நெடும் பயணத்தில் காரைப் பழுது பார்த்தவர் ஒரு தாய்! பெண்களுக்கு இந்தத் தொழில் ஏன் வராது?

உயிரோடு விளையாடக்கூடாது

இந்தத் தொழிலில் ஆபத்தும் உண்டு. அதை மறைப்பதில் பயன் இல்லை.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நெஞ்சுக்குள் போனால், பல ஆண்டு கழித்து நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே, அந்தத் தூசியை வாயாலும் ஊதக்கூடாது. காற்றுக் குழாயாலும் ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காலியான பெட்ரோல் டாங்கியில் திரவம் இருக்காது, ஆவி இருக்கும். அதில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கு கட்டை வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டால், புகையில் உள்ள நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

பட்டறைக்கு மகனை அனுப்பும் தாய் தந்தையர், கூலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். இந்த நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

"பழைய குப்பையைக் கட்டி அழுவானேன்? உடைத்துப் போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள்.

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய வண்டிகள் எல்லாமே சாலையில் புகை கக்கிக்கொண்டு ஓடினால் ஊர் தாங்காது. ஆயுள் முடிந்த வண்டியை முறைப்படி உடைப்பது நல்லதுதான்.

ஆனால், எல்லாவற்றையும் உடைத்துவிட்டால், நம் தாத்தா எந்த வண்டியில் போனார் என்பதைப் பேரனுக்கு எதைக் காட்டிச் சொல்வது? அதனால்தான் மத்திய அரசு 2021-ல் ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, பழைய உருவம் மாறாமல் பாதுகாக்கப்படும் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம் ரூபாய். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும், பழைய கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் ஓட்டலாம்.

வண்டலூரின் கடைசி ஹெரால்டுக்கும் இப்போது 50 வயது தாண்டிவிட்டது!

கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில், பெரியவர்களும் சிறுவர்களும் பழைய கார்களைப் பார்த்து வியக்கிறார்கள். அப்படி வியக்கும்போது, அந்தக் கார்களைத் தட்டி நிமிர்த்திய கைகளையும் நினைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் காருக்கு வழி செய்துவிட்டது. காரைக் காப்பாற்றும் கைக்கு என்ன வழி?

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. 2 ஆண்டுப் படிப்பு. அங்கே படிக்கும் பிள்ளைகளைச் சில வாரமாவது பழைய கார் பட்டறைக்கு அனுப்பலாம். கார்புரேட்டரை ஒரு முறை பிரித்துப் பூட்டியவனுக்கு, எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்பது ஆயுளுக்கும் மறக்காது. கம்ப்யூட்டர் வைத்த புதுக் காரைப் பழுது பார்க்கும்போதும் அந்த அறிவு உதவும்.

பட்டறையில் இருக்கும் மூத்தவர்களும் ஒன்று செய்ய வேண்டும். "இது என் கைராசி, சொல்லித் தர முடியாது" என்று இருக்கக்கூடாது. எந்தச் சாமானுக்கு எந்தச் சாமான் பொருந்தும், எந்த இடுக்கு எத்தனை நூல் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுத வராவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். எழுதாத வித்தை, ஆளோடு போய்விடும்!

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சாமானுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுக்கிறீர்கள். கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறீர்கள். மூன்று வாரம் தட்டிய தகரத்துக்கு மூன்று நாள் கூலி கொடுத்தால், அந்தத் தொழிலாளியின் மகன் சுத்தியலைத் தொடுவானா? அவனும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

புதுக் கார்களைச் செய்து உலகுக்கு அனுப்பும் மாவட்டம் இது. தன் மண்ணில் பிறந்த பழைய காரைப் பழுது பார்க்க ஆள் இல்லை என்ற நிலை இங்கே வரலாமா?

கார் பழசாகலாம். கைத்தொழில் பழசாகக்கூடாது!