பேட்டரிய கழட்டி மாட்டினா காத்து சுத்தமாயிடுமா?

"பேட்டரிய ஒரு பத்து நிமிஷம் கழட்டி மாட்டுடா. லைட் போயிடும். அப்படியே நேரா போயி ஸ்மாக் டெஸ்ட் போட்டுட்டு வந்துடு."

கலிஃபோர்னியாவுல பழைய கார் வச்சிருக்கிற நம்ம மக்கள்கிட்ட இந்த அருள்வாக்கைக் கேக்காம யாராவது ரெண்டு வருஷம் ஓட்டியிருந்தீங்கன்னா, உங்ககிட்ட பேட்டரி கார் இருக்குன்னு அர்த்தம் :-)

இதைச் சொல்றவங்க யாரும் படிக்காதவங்க இல்லை. பாதிப் பேர் என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க. அவங்க சொன்னபடி செஞ்சுட்டுப் போனா, ஸ்மாக் கடைக்காரர் 'மானிட்டர் ரெடி ஆகலை, ஃபெயில்'னு ஒரு பேப்பரை நீட்டுவார். உடனே ஆரம்பிக்கும் புலம்பல். "கொள்ளையடிக்கறான்", "அமெரிக்காவா இருந்தாலும் கவர்மெண்ட்டுன்னா கவர்மெண்ட்டுதான்", "லைட்டே எரியலை, அப்புறம் எதுக்குய்யா ஃபெயில்?"

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த 'ரெடி ஆகலை'ங்கற விதிதான் இந்த டெஸ்ட்லயே உருப்படியான விஷயம். அதைத் திட்டறது, விடைத்தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு 'ஏன் சார் மார்க் போடலை'ன்னு வாத்தியார்கிட்ட சண்டைக்குப் போற மாதிரி.

புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போங்க.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற கார்கள்ல ஓபிடி-2ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. வண்டியில இருக்கிற கம்ப்யூட்டரே வண்டியோட புகைக்கட்டுப்பாட்டு பாகங்களைச் சோதிச்சுப் பார்த்துக்கும். சிலிண்டர்ல தீப்பொறி தவறுதா, எரிபொருள் கலவை சரியா இருக்கா, இதெல்லாம் ஓடும்போது எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி வெளிய கசியுதான்னு பார்க்கற 'ஈவாப்' மாதிரியான சிலதை மட்டும் அதுக்குன்னு சில சூழ்நிலை அமைஞ்சாத்தான் சோதிக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மானிட்டர். சோதிச்சு முடிச்சாச்சுன்னா 'ரெடி'. முடிக்கலைன்னா 'ரெடி இல்லை'. இதுல பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. 'இன்னும் பார்க்கலை, பார்த்துட்டுச் சொல்றேன்', அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

பேட்டரிய கழட்டினாலோ, ஸ்கேனர் வச்சு கோடை அழிச்சாலோ, பெரும்பாலான கார்கள்ல எல்லா மானிட்டரும் பூஜ்யத்துக்குப் போயிடும். கலிஃபோர்னியாவில் 2015 மார்ச்சிலிருந்து 2000-க்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் கார்களுக்கு புகைக்குழாயில் கருவி வச்சுப் பார்க்கறதில்லை. காரோட கம்ப்யூட்டரைத்தான் கேக்கறாங்க. அந்த கார்களுக்கு ஈவாப் ஒண்ணு மட்டும் முடியாம இருக்கலாம். மத்ததெல்லாம் முடிஞ்சிருக்கணும். டெக்ஸாஸ்ல, டெஸ்ட் இருக்கிற மாவட்டங்கள்ல, 2001-க்குப் பிந்தைய மாடலுக்கு ஏதாவது ஒண்ணு முடியாம இருக்கலாம். விதி இவ்வளவுதான்.

இப்ப யோசிங்க. புகைக்குழாயில் கருவி கிடையாது. காரோட ஞாபகம் ஒண்ணுதான் சாட்சி. அந்த சாட்சிக்கு மயக்க மருந்து குடுத்துட்டு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, ஜட்ஜ் என்ன பண்ணுவார்? 'தெளிஞ்சதும் கூட்டிட்டு வாப்பா'ன்னுதானே சொல்வார்? அதைத்தான் ஸ்மாக் கடைக்காரரும் சொல்றார். அதுக்கு ஏன் அவர் மேல பாயறீங்க?

நம்ம தொழில் பாஷையில சொன்னா இன்னும் சுலபம். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி ஒரு டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகுது. அதை கமெண்ட் பண்ணிட்டு 'எல்லாம் பச்சை'ன்னு மெயில் போடற ஆளை டீம்ல என்ன சொல்வோம்? இங்க எழுத முடியாத வார்த்தை சொல்வோம். அதே ஆள் சனிக்கிழமை காலைல காரோட கோடை அழிச்சுட்டுப் போனா மட்டும் கெட்டிக்காரனா?

இதைப் பெரிய அளவுல செஞ்சவங்களையும் பார்த்தாச்சு. ஃபோக்ஸ்வேகன். ஸ்டீயரிங் அசையுதா, வேகம் எப்படி மாறுது, எவ்வளவு நேரமா ஓடுதுன்னெல்லாம் வச்சு 'இப்ப டெஸ்ட் நடக்குது'ன்னு கண்டுபிடிச்சு, அந்த நேரத்துக்கு மட்டும் ஒழுங்கா நடக்கற மென்பொருள். ரோட்ல போகும்போது நைட்ரஜன் ஆக்ஸைடு, அனுமதிச்ச அளவைப் போல 40 மடங்கு வரைக்கும். அமெரிக்க சுற்றுச்சூழல் துறை 2015 செப்டம்பர்ல இதை வெளிய சொன்னப்ப, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,82,000 கார்கள்ல அது இருந்துச்சு. அந்த வழக்குல ஜேம்ஸ் லியாங்ங்கற எஞ்சினியருக்கு 2017-ல் 40 மாசம் சிறை. அப்ப நம்மில் எத்தனை பேர் 'அடப்பாவிகளா'ன்னு சொன்னோம். அந்த வாய்தான் இப்ப 'பேட்டரிய கழட்டி மாட்டு'ன்னு சொல்லுது. அளவு வேற. குணம் ஒண்ணுதான்.

"என் கார் புகையே விடலையே?"

இது அடுத்த வாதம். ஐயா, கண்ணுக்குத் தெரியற புகைக்காக இந்தச் சட்டம் வரலை. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ்ல காத்து திடீர்னு கண்ணை எரிக்க ஆரம்பிச்சப்ப, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான்னு ஜனங்க பயந்தாங்களாம். 1950-களின் தொடக்கத்தில்தான் கால்டெக்ல இருந்த ஹாகன்-ஸ்மிட் காரணத்தைக் கண்டுபிடிச்சார். கார்லயும் சுத்திகரிப்பு ஆலைகள்லயும் வெளிய வர்ற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயில்ல சேர்ந்து ஓசோனாகுது. சுத்தி மலை இருக்கறதால அது அங்கேயே தேங்குது. அதாவது, நீங்க விடறது கண்ணுக்குத் தெரியாது. அது வேற ஒரு இடத்துல, மத்தியான வெயில்ல, வேற யாரோட நெஞ்சுக்குள்ளயோ போய்த்தான் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியும், ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு எல்லாம் இருக்கிற பள்ளத்தாக்கும் ஓசோன் விஷயத்துல இன்னிக்கும் மத்திய அரசோட தர அளவை எட்டலை. அங்க ஆஸ்துமா இருக்கிற குழந்தைகிட்ட போயி 'என் கார்ல லைட் எரியலை'ன்னு சொல்லிப் பாருங்க.

ஆனா எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது வேற இடத்துல. பழைய கார் விக்கறவங்க.

என்கூட ரூம்ல இருந்த பையன். ஊர்லேருந்து வந்து மூணு மாசம். பஸ் கிடையாது, ஆபீஸ் 14 மைல். நம்மாள் ஒருத்தர்கிட்டயே பத்து வருஷப் பழைய செடான் வாங்கினான். "ஸ்மாக் மட்டும் நீயே பாத்துக்கோப்பா, 300 டாலர் குறைச்சுக்கறேன்"னு பெரிய மனசு பண்ணினார் அந்த மனுஷன். பையன் டெஸ்டுக்குப் போனா, ஒரு மானிட்டர்கூட ரெடி இல்லை. ஓட்டிட்டு வான்னாங்க. ஒரு வாரம் ஓட்டினான். எட்டாவது நாள் லைட் வந்துச்சு. பி0420. கேட்டலிடிக் கன்வர்ட்டர் செத்துப் போச்சுன்னு அர்த்தம். கலிஃபோர்னியாவில் மாநிலம் ஒப்புக்கிட்ட கன்வர்ட்டரைத்தான் போடணும், மலிவு சரக்கெல்லாம் செல்லாது. மொத்தம் 1,800 டாலர். முதல் மூணு மாச சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, ஊருக்கு அனுப்பணும்னு வச்சிருந்த காசு அது.

விக்கறதுக்கு முந்தின நாள் கோடை அழிச்சிருக்கார். 300 டாலர் தள்ளுபடி எதுக்குன்னு இப்ப புரியுதா?

இதுல கொடுமை என்னன்னா, கலிஃபோர்னியா சட்டப்படி ஸ்மாக் சர்டிஃபிகேட் குடுக்க வேண்டியது விக்கறவர் பொறுப்பு. விக்கற தேதிக்கு முந்தின 90 நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும். நாலு வருஷத்துக்குள்ள இருக்கிற புது மாடல், குடும்பத்துக்குள்ள கைமாத்தறது மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. 'நீயே பாத்துக்கோ'ன்னு வாயால பேசிக்கிட்டா அந்தப் பொறுப்பு கைமாறாது. இது அந்தப் பையனுக்குத் தெரியாது. தெரியாதுன்னு அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும். 'ரெடி ஆகலை'ங்கற விதி மட்டும் இல்லைன்னா அந்த வண்டி அன்னிக்கே பாஸாகி, செத்த கன்வர்ட்டரோட இன்னும் ரெண்டு வருஷம் 880-ல ஓடியிருக்கும். அப்புறம் அவனும் இன்னொரு புதுப் பையன் தலையில கட்டியிருப்பான். சங்கிலி எங்கயாவது அறுபடணும் இல்லையா?

அதனால கார் வாங்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை. இருபது டாலருக்குள்ள ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழ செருகி, போன்ல பாருங்க. மானிட்டர் எல்லாம் ரெடியா? கோட் அழிச்சு எத்தனை மைல் ஓடியிருக்கு? அழிச்சதுக்கப்புறம் இஞ்சின் எத்தனை தடவை சூடாகியிருக்கு? பெரும்பாலான கார்கள் இது மூணையும் சொல்லிடும். 'ஒன்பது மைல்'னு காட்டினா, டீ குடிச்சுட்டு கிளம்பிடுங்க. வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி.

சரி, எதிர்க்கட்சி பக்கமும் நியாயம் இருக்கு. மறைக்க விரும்பலை.

"நான் நிஜமாவே ரிப்பேர் பண்ணிட்டுத்தான் கோடை அழிச்சேன். என்னை ஏன் அலைய விடறாங்க?" உண்மைதான், அலைச்சல்தான். ஆனா ரிப்பேர் பண்ணிட்டு அழிச்சவரையும் சும்மா அழிச்சவரையும் முதல் நாள்ல எந்த மெஷினாலயும் பிரிச்சுப் பார்க்க முடியாது. பத்தாவது நாள்ல பிரிச்சிடும். அந்தப் பத்து நாள்தான் நாணயஸ்தன் கட்டற வட்டி. பிடிக்கலைதான். ஆனா அந்த வட்டிய ஏத்தி விட்டது ஏமாத்தறவங்க. விதி இல்லை.

"டிரைவ் சைக்கிள் என்னன்னு எவனுமே தெளிவா சொல்றதில்லை." இதை முழுசா ஒத்துக்கறேன். எந்த மானிட்டருக்கு எப்படி ஓட்டணும்கறது கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அது சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், காரோட குடுக்கற புத்தகத்துல பெரும்பாலும் இருக்காது. காரை வாங்கினவனுக்கு அந்தப் பக்கத்தைக் குடுக்கறதுல என்ன குறைஞ்சிடும்? திட்டணும்னா இங்க திட்டுங்க, நானும் வர்றேன்.

"காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்?" கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் காரோட கம்ப்யூட்டருக்கும் மத்திய சட்டப்படியே 8 வருஷம் அல்லது 80,000 மைல் வாரண்டி உண்டு. அதைத் தாண்டினதா இருந்தா, கலிஃபோர்னியாவில் ஸ்மாக்கைக் கவனிக்கற அதே துறை, வருமானம் குறைஞ்சவங்களுக்கு ரிப்பேர் செலவுல உதவி பண்ணுது. காரையே குடுத்துட்டா பணம் தர்ற திட்டமும் வச்சிருக்கு. இதை யாரும் வாட்ஸப்ல ஃபார்வர்ட் பண்றதில்லை. பேட்டரி வைத்தியம் மட்டும் நாடு பூரா பரவுது!

நேர்வழியில மானிட்டரை ரெடி பண்றது இப்படித்தான்:

1. முதல்ல கோளாறைச் சரி பண்ணுங்க. பெட்ரோல் மூடி சரியா மூடலைன்னாகூட ஈவாப் கோட் வரும். சில சமயம் செலவு அவ்வளவுதான்.

2. டாங்க் ஏறக்குறைய பாதி இருக்கட்டும். நிரம்பி வழிஞ்சாலும் காலியா இருந்தாலும் ஈவாப் சோதனை ஓடாது. 15 சதவீதத்துக்கு மேல, 85-க்குக் கீழ.

3. ராத்திரி முழுக்க வண்டி நிக்கட்டும். காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு, ஊருக்குள்ள நின்னு நின்னு கொஞ்ச தூரம் போங்க.

4. அப்புறம் ஃப்ரீவே. கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, 55-லிருந்து 60 மைல் வேகத்துல ஒரே சீரா பத்துப் பதினஞ்சு நிமிஷம். பின்னாடி வண்டி இல்லைன்னா, பிரேக் தொடாம வேகம் தானா குறையற மாதிரி வெளிய வாங்க.

5. இதையே மூணு நாலு நாள். டாங்கிள்ல பாருங்க. ரெடி ஆனதும் போங்க. நடுவுல திரும்பக் கோடை அழிக்காதீங்க. டெஸ்டுக்கு முந்தின வாரம் புது பேட்டரியும் போடாதீங்க, அதுவும் எல்லாத்தையும் அழிச்சிடும்.

இதையெல்லாம் செஞ்சும் ஒரு மானிட்டர் மட்டும் முடியவே மாட்டேங்குதுன்னா, அங்க ஏதோ கோளாறு இருக்குன்னு வண்டி சொல்லுது. கேளுங்க.

கெட்டிக்காரங்களுக்கு ஒரு செய்தி. 2010-ஐ ஒட்டி வந்த மாடல்களிலிருந்து 'நிரந்தரக் கோட்'னு ஒண்ணு இருக்கு. பேட்டரிய கழட்டினாலும், ஸ்கேனர் போட்டாலும் போகாது. கோளாறு தீர்ந்துடுச்சுன்னு கார் தானா சோதிச்சு உறுதி பண்ணாத்தான் போகும். 2019 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியா டெஸ்ட்ல அதையும் பார்க்கறாங்க. லைட்டோட பல்பைப் பிடுங்கற ஆசாமிகளுக்கும் வழி இல்லை. சாவி போட்டதும் அந்த லைட் ஒரு தடவை எரியணும். எரியலைன்னா அதுக்கே ஃபெயில்.

ஊர்ல பெட்ரோல் பங்க் ஓரமா வண்டியைக்கூட ஸ்டார்ட் பண்ணாம புகை சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தவங்கதான் நாம நிறைய பேர். அங்க பேப்பர்தான் முக்கியம்னு பழகிட்டோம். இங்கயும் பேப்பரை வாங்கிடலாம், முயற்சி பண்ணினா ஆள் கிடைப்பான். ஆனா சுவாசிக்கறது பேப்பரை இல்லையே மக்கா. அடுத்த தடவை உங்க பக்கத்துல யாராவது 'பேட்டரிய கழட்டி...'ன்னு ஆரம்பிச்சா, 'அப்புறம்?'னு கேளுங்க. பதில் இருக்காது.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க வண்டி அடம் பிடிச்சா நல்ல மெக்கானிக்கைப் பாருங்க. 'நூறு டாலர் குடு, நானே ஓட்டி ரெடி பண்ணித் தர்றேன்'னு சொல்றவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, அதே தூரத்தை நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை 280-ல ஓட்டிட்டு வாங்க. மலை, மேகம், ஏரி எல்லாம் இலவசம்.