அறுபது வயது வரம்பு எதற்கு?

கொடைக்கானல் படங்களைப் பார்த்துவிட்டு "டீச்சர், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மலை?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். என் தங்கை போனிலேயே திட்டினாள். இப்போது எங்கள் நடைப்பயிற்சி மன்றமும் அதையே சொல்கிறது. அடுத்த மலைப் பயணத்துக்கு 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாமாம். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

18 பேர், மூன்று நாள் பயணம். முதல் நாள் ஏரி, கோக்கர்ஸ் வாக். இரண்டாம் நாள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ். போனவர்களுக்குத் தெரியும், போகும்போது முழுக்க இறக்கம், மரவேர்கள்தான் படிக்கட்டு. இறங்கும்போது எல்லோரும் வீரர்கள். மற்ற மலைகளில் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், இங்கே களைத்த பிறகு ஏற வேண்டும்.

அழைத்துப்போன தம்பி நல்ல பையன். ஆனால் எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் தபால் துறையில் ஓய்வுபெற்ற சார் ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. "நீங்க மெதுவா வாங்க சார்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். நான் அவரோடு நின்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கும் மூச்சு வாங்கியது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றோம். சார் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, கீழே வெள்ளகவியிலிருந்து தலைச்சுமையோடு ஓர் அம்மா ஏறி வந்தார். "என் பின்னாலயே வாங்க" என்றார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, நாங்கள் வந்த பிறகே அடுத்த அடி வைத்தார். சுமை அவர் தலையில், காத்திருந்ததும் அவர்தான்!

மேலே வந்து சிக்னல் கிடைத்ததும் முதலில் வந்தது எங்கள் குழுவின் படம். "அனைவரும் வெற்றிகரமாக முடித்தோம்" என்று போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். 16 தலை.

இதற்கு வயது வரம்பு எப்படி மருந்தாகும்? மறுநாள் முதலில் உட்கார்ந்தவர் 35 வயதுக்காரர், முந்தைய இரவுப் பரோட்டாவின் உபயம். மலையில் யாருக்கும் எதுவும் ஆகலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பலர் இளைஞர்கள். அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-ல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்தபோது அவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. எந்தப் பாதை, யார் கூட வருகிறார் என்பதுதான் முதல் கேள்வி.

1996-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போனோம். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் நான். ஏழடிப்பட்டம் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் தலை எண்ணினோம். எனக்குப் பின்னால் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். மன்றத்திடம் நான் கேட்பதும் அதுதான். விசிலோடு ஒரு கடைசி ஆள், பாதை பிரியும் இடமெல்லாம் நின்று எண்ணுவது, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மலையில் கடைசிப் பிள்ளைக்காக நின்ற நான், கணக்கு வகுப்பில் அப்படி நின்றேனா? முதல் பெஞ்சு "புரிஞ்சுது டீச்சர்" என்றதும் அடுத்த கணக்குக்குப் போன நாள்கள் உண்டு. இதைப் படிக்கிற கடைசி பெஞ்சுக்காரர்கள் யாராவது என்னைத் திட்டினால் நியாயம்தான். பனியில் நின்ற அந்த அரை மணி நேரத்தில் சிலருடைய முகம் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டம். எழுந்து பேசத்தான் போகிறேன். தபால் சாரும் வருகிறார். முட்டிக்குப் பட்டை வாங்கிவிட்டாராம்.