வண்டி கொதித்தால் டிரைவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் நாளைக்குப் படிக்கலாம். லாரி வைத்திருக்கும் பங்காளிகளும் மாப்பிள்ளைகளும் இன்றே படித்துவிடுங்கள்.

மலை ஏற்றத்தில் பழைய லாரி கொதித்து நின்றுவிட்டால் நம் பக்கம் விசாரணையே கிடையாது. "டிரைவர் பார்க்காம ஓட்டிட்டான்." தீர்ப்பு முடிந்தது. ஹெட் கேஸ்கட் மாற்றிய செலவை அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க வேண்டியதுதான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனுக்கு (பையன் என்கிறேன், அவனுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்) இப்போது இப்படித்தான் பிடிக்கிறார்கள். திம்பம் மலையில் ஃபுல் லோடோடு ஏறும்போது கொதித்திருக்கிறது. முதலாளி யார் என்று எழுதமாட்டேன், அவருக்கே தெரியும். அந்த வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொல்லி நானே பார்த்தேன். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு இல்லை. எத்தனை வருடமாக இல்லை என்று கேட்டேன், ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"வாத்தியாருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்?" என்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இதில் இருப்பது எட்டாம் வகுப்பு அறிவியல். மிச்சத்தை, சங்ககிரிப் பக்கம் வளர்ந்தவன் எவனும் பட்டறை வாசலிலேயே கற்றுக்கொள்வான்.

எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வர வேண்டும். அங்கே அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நடை வேகத்தில்தான் ஏறும். என்ஜின் முழுப் பலத்தையும் கொடுக்கும், எதிர்க்காற்று கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நேரத்தில் வண்டிக்குக் கதி விசிறி ஒன்றுதான்.

பலர் நினைப்பதுபோல இந்த விசிறி என்ஜின் மேல் காற்றடிப்பதற்காக வைத்ததல்ல. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கிறது. உறிஞ்சுகிற விசிறி. உறிஞ்சுவதற்குக் கூடு வேண்டும். ரேடியேட்டரின் முகம் சதுரம், விசிறி சுற்றுவது வட்டம். சதுரத்தின் நான்கு மூலையிலிருந்தும் காற்றை வட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தத் தகரக் கூடுதான். அது இல்லாவிட்டால் இறக்கையின் நுனியில் தள்ளப்பட்ட காற்று ஓரமாகச் சுற்றி முன்பக்கமே திரும்பி வரும், அதையே விசிறி மறுபடி இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும்.

சரி, கூட்டை ஏன் கழற்றினார்கள்? இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். ரேடியேட்டர் சேஸிஸில் உட்கார்ந்திருக்கிறது. விசிறி என்ஜினோடு இருக்கிறது. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்துபோனால் என்ஜின் ஆடும், இறக்கை கூட்டில் உரசிச் சத்தம் போடும். மாற்ற வேண்டியது ரப்பரை. ஆனால் கூட்டைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டால் சத்தம் அன்றைக்கே நின்றுவிடும். பெல்ட் மாற்றவும் கை தாராளமாகப் போகும். மெக்கானிக்குக்குச் சௌகரியம், முதலாளிக்குச் செலவு மிச்சம். இரண்டு வருடம் கழித்து மலையில் கொதித்தால் டிரைவர் குற்றவாளி!

இன்னொரு அநியாயம், கியர் உபதேசம். "மேல் கியரிலேயே ஏத்து, டீசல் மிச்சம்" என்று போனில் உத்தரவு போடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். பழைய லேலண்டு காமெட், டாடா 1210 போன்ற வண்டிகளில் விசிறிக்கு மின்மோட்டார் கிடையாது. என்ஜின் சுற்றினால்தான் விசிறி சுற்றும், தண்ணீர் பம்பும் ஓடும். மேல் கியரில் என்ஜின் 1,000 சுற்றில் திணறினால் விசிறியும் சோம்பிக் கிடக்கும். கீழ் கியரில் அதே வேகத்தில் ஏறி என்ஜினை 1,600 சுற்றுக்குக் கொண்டுவந்தால் விசிறியின் வேகமும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், காற்றும் அதே கணக்கில் கூடும். முள் ஏறும்போது கியரை இறக்குகிற டிரைவர் டீசலை வீணாக்கவில்லை கண்ணுகளா, உங்கள் என்ஜினைக் காப்பாற்றுகிறான். உச்சியில் நிறுத்தியதும் சாவியை அணைக்காமல் சில நிமிடம் ஐடிலில் ஓட விடுகிறானே, அதுவும் இதற்குத்தான். அணைத்தால் பம்பும் விசிறியும் அந்த நொடியே நின்றுவிடும். ஹெட்டில் இருக்கிற சூடு எங்கே போகும்?

விசிறி டீசல் குடிக்கிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் விசிறி கேட்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் பின்னால் வந்த வண்டிகளில் சிலிகான் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கிளட்ச் வைத்தார்கள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அதன் முகப்பில் இருக்கும் ஈருலோகச் சுருள் திருகி எண்ணெய்க்கு வழி திறக்கும், விசிறி பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். சூடு தணிந்தால் தானே தளரும். (ஈருலோகப் பட்டை இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது என்று பாடம் நடத்தினேனே, அதேதான்.) அது முறையான மிச்சம். கூட்டைக் கழற்றுவதும், இறக்கையை வெட்டிச் சின்னதாக்குவதும் மிச்சமாகாது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும் அதே ரகம். சில என்ஜின்களில் அதைப் பிடுங்கினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும், சூடு இன்னும் ஏறும்.

டிரைவர் பக்கம் தவறே இருக்காது என்று நான் சொல்லவில்லை. முள் சிவப்பில் நிற்கப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவனும் உண்டு. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவனும் உண்டு. குக்கரில் ஆவி இருக்கும்போது மூடியைத் திறப்பீர்களா? ஆனால் கூடு, பெல்ட், ரப்பர் மூன்றும் முதலாளியின் பொறுப்பு. வைக்கோல் தூசி அடைத்த ரேடியேட்டரையும் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். அதை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய தகடுகள் மடங்காத அளவுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் உட்காரும்.

அந்த முதலாளிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மவுண்டிங் ரப்பரை மாற்றுங்கள், கூட்டைத் திரும்ப மாட்டுங்கள், பெல்ட்டை இறுக்குங்கள், ரேடியேட்டரைக் கழுவுங்கள். பிறகு அதே டிரைவர், அதே லோடு, அதே திம்பம். அப்போதும் கொதித்தால் பிடித்த பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்காவிட்டால் இதுவரை பிடித்ததை ஒரே தவணையில் அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அவன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.