சேனாபதியும் என் முந்நூறு ரூபாயும்



குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். காலையில் ஐந்தருவியில் குளியல், மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டா, மாலையில் தென்காசியில் ‘இந்தியன் 2’. இது தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு, “சார், படம் எப்படி?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். கூடவே கிண்டல் படங்கள் வேறு. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாற்று வாத்தியார் பதிவு நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ‘இந்தியன்’ 1996 மே 9 அன்று வந்தது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து, தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய அதே வாரம். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கே நின்றாலும் ஊழல்தான் பேச்சு. அந்த நேரத்தில் ஒரு தாத்தா கத்தியோடு வந்து நின்றார். ஜூனில் பள்ளி திறந்ததும், நான் பாடம் எடுக்கும் முன்பே, “சார், ஐ.என்.ஏ.ன்னா என்ன?” என்று பின் பெஞ்சுக்காரர்கள் கேட்டார்கள். அத்தனை வருடம் நேதாஜியைப் பற்றி நான் தொண்டை வறளப் பேசியும் வராத கேள்வி அது. கேட்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். “கத்தியை விட்டுருங்கலே, நேர்மையை மட்டும் எடுத்துக்கோங்க” என்று அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா?

அந்தப் படம் ஏன் மனதில் நின்றது? வர்மக்கலையால் என்பீர்கள், ஏ.ஆர். ரஹ்மான் பாட்டால் என்பீர்கள், கமலுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பால் என்பீர்கள். எல்லாம் சரிதான். சுஜாதாவின் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைப் பொறுத்தவரை காரணம் வேறு. சேனாபதி தன் கொள்கைக்குத் தானே விலை கொடுத்தார். லஞ்சம் தர மறுத்ததால் தீக்காயம் பட்ட மகளைப் பறிகொடுத்தார். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமானவன் சொந்த மகன் என்று தெரிந்தபோது, அவனையும் விடவில்லை. ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று அவர் பிரித்திருந்தால் அது வெறும் சண்டைப் படமாகப் போயிருக்கும். கொலையை நான் ஒருநாளும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த முடிவைப் பார்த்துவிட்டுத் தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு 28 வருடம் காத்திருந்தோம். அதை எடுக்கப் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா. விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021-ல் காலமானார்கள். ஆகவே கிண்டல் படம் போடுகிறவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். இத்தனை பேர் உழைப்பை ஒரு சிரிப்புப் பொம்மையில் முடித்துவிடக் கூடாது.

உழைத்தார்கள் என்பதற்காகக் குறையைச் சொல்லாமலும் இருக்க முடியாது. விடைத்தாளில் பக்கக் கணக்குக்கு நான் மார்க் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மணி நேரப் படத்தில் எல்லோரும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறார்கள். நேதாஜி படையில் இருந்தவர் இன்று நூறு வயதைத் தாண்டியிருப்பார். அவரை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றிச் சென்னைத் தெருவில் ஓட விடுகிறார்கள். வெளியான இரண்டே நாளில் 12 நிமிடத்தை வெட்டப்போவதாகத் தயாரிப்பாளர்களே சொல்லிவிட்டார்கள். நம்ம நெல்லையில் நடந்த ‘சாமி’க்கு 2018-ல் இரண்டாம் பாகம் எடுத்தபோதும் இதே ஏமாற்றம்தான். ஆனால் அதில் எனக்குக் கோபம் வரவில்லை. இதில் வந்தது.

ஏனென்றால், இந்தப் படத்துக்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது. சேனாபதி இளைஞர்களிடம், முதலில் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். சித்தார்த் தன் வீட்டுக்குள் தேடுகிறான். லஞ்ச ஒழிப்புத் துறையில் இருக்கும் சொந்த அப்பாவே லஞ்சம் வாங்குகிறவர் என்று தெரிகிறது. காட்டிக்கொடுக்கிறான். அவமானம் தாங்காமல் அம்மா உயிரை விடுகிறாள். வாருங்கள் என்று கூப்பிட்ட அதே ஜனம், திரும்பிப் போ என்று சேனாபதியைத் துரத்துகிறது. முதல் படத்தின் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோகிற கதை இது. ஆனால் இந்த முறை சேனாபதி எதையும் இழக்கவில்லை. சொல்கிறவர் அவர், இழக்கிறவர்கள் வேறு யாரோ. அதைப் படமே உணர்ந்துகொள்கிறது. உணர்ந்த அடுத்த நிமிடமே துரத்தல் காட்சிக்கு ஓடிவிடுகிறது. மகன் அப்பாவைப் பார்க்கிற அந்தப் பார்வையில் ஒரு நிமிடம் நின்றிருக்கக் கூடாதா? என் முன் வரிசையில் செல்போன் வெளிச்சம், பின் வரிசையில் சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1997-ல் வீடு கட்டினேன். ஒரு அலுவலகத்தில் என் காகிதம் மூன்று மாதம் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேனாபதி கதை சொன்ன இதே வாத்தியார், மடித்த நாளிதழுக்குள் முந்நூறு ரூபாயை வைத்து மேஜையில் நகர்த்தினார். அடுத்த வாரமே காகிதம் வந்துவிட்டது. அன்றைக்கு என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மகனுக்குப் பன்னிரண்டு வயது. திரும்பும் வழியில், “பேப்பர எதுக்குப்பா அங்கயே விட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டான். “அவரு படிக்கட்டும்லா” என்றேன்.

அதே மகன்தான் சனிக்கிழமை பக்கத்து இருக்கையில். திரையில் பையன் அப்பாவைப் பார்க்கிறான். நான் என் மகன் பக்கம் திரும்பவில்லை.

என் கோபம் இதுதான் பிள்ளைகளே. என்னை மாதிரி லட்சம் அப்பாக்களை அந்தக் காட்சி இருக்கையில் நெளிய வைத்திருக்க வேண்டும். எங்களைத் தப்பிக்க விட்டுவிட்டார்கள். படத்தைக் கிண்டல் செய்துகொண்டே நாம் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான் மட்டும் அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், பேரன் தூங்கிய பிறகு, மகனிடம் அந்தப் பேப்பர் கதையைச் சொன்னேன். “ஞாபகம் இருக்குப்பா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

உங்களில் பலர் இன்று அரசு அலுவலகங்களில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். எனக்கு அந்த ஏழு நாள் போய் 27 வருடமாகிறது. உங்கள் மேஜையில் யாராவது வாத்தியார் நாளிதழை விட்டுவிட்டு எழுந்தால், கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படம் பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு: பாருங்கள், பிள்ளைகளோடு பாருங்கள். மூன்றாம் பாகம் வந்தால் நானும் போவேன். முதல் பாகத்துக்கு நான் பட்ட கடன் அவ்வளவு.

சீசன் முடியும் முன் குற்றாலம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்