மெய்ந்நிகர் உலகும் நம் மாணாக்கரும்

கணினியில் அமைக்கப்பெறும் மெய்ந்நிகர் உலகத்துள் மாணாக்கர் உருவந்தாங்கிப் புகுந்து, உலாவி, உரையாடிக் கற்கும் முறை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கல்லூரிகள் இதனை மேற்கொள்ளக் கருதின், எக்களத்தைத் தேர்வது என்னும் வினா முதற்கண் எழும். அதுபற்றி எம் கருத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களைப் பேருந்தேறிச் சென்று நேரிற் காணலாம். நேரிற் காணத்தக்கதைத் திரையிற் காட்டுதலால் ஆகும் பயன் சிறிதே. ஆயின், அவ்விரதங்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பெற்றவை என்பதற்கு, அடிப்பகுதி முற்றுப்பெறாத பீம இரதம் சான்றாய் நிற்கின்றது. வெறும்பாறை படிப்படியே இரதமாகிய வகையை இன்று யார் காணவல்லார்? அதனை மாணாக்கர் தாமே மெய்ந்நிகர் உலகில் அமைத்துப் பார்த்தல் சிறந்த கல்வியன்றோ? ஆதலின், காண மட்டும் இடந்தரும் களத்தினும் படைக்க இடந்தரும் களமே வேண்டற்பாலது.

அங்ஙனம் படைத்தது நிலைபெற வேண்டாமா? கூகுள் நிறுவனத்தார் பள்ளிகட்கு அளித்த 'எக்ஸ்பெடிஷன்ஸ்' 2021இல் நிறுத்தப்பட்டது. மைக்ரோசாப்டின் 'ஆல்ட்ஸ்பேஸ்' 2023இல் மூடப்பட்டது. 2003இல் தோன்றி இன்றும் நடைபெறும் 'செகண்ட் லைஃப்', கல்வி நிலையங்கட்கு அளித்த பாதிக் கட்டணச் சலுகையை 2011இல் நீக்கிப் பின்னர் 2013இல் மீட்டளித்தது. பிறர் மனையில் வீடு கட்டினோர் நிலை இதுவே. மொசில்லாவின் 'ஹப்ஸ்' சேவையும் 2024இல் நின்றது. எனினும் அதன் நிரல் யாவர்க்கும் பொதுவாகலின், வேண்டுவோர் அதனைத் தம் கணினியிலேயே நிறுவி நடத்தலாம். 2007இல் தோன்றிய 'ஓப்பன்சிமுலேட்டர்' என்பதும் இத்தகையதே.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையூர்களினின்று வரும் மாணாக்கர் பலரிடம் செல்பேசி ஒன்றே உண்டு. தலையில் அணியும் விலையுயர்ந்த கருவியை வேண்டும் களம் அவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். 'ஹப்ஸ்' செல்பேசியின் உலாவியிலேயே திறத்தலின், அதனையே யாம் முதலிற் பரிந்துரைப்போம்.

சொந்தமாக நடத்துதற்குப் பொருளும் பராமரிப்பும் வேண்டுமே எனச் சிலர் தடை கூறுவர். உண்மையே. ஆயினும், கணினித்துறை மாணாக்கர்க்கு அப்பராமரிப்பே ஒரு பயிற்சியாகும்.

கல்லிற் செதுக்கியோர் பணி ஆயிரத்து முந்நூறு ஆண்டாய் நிற்கின்றது. நம் மாணாக்கர் உழைத்துச் சமைப்பது அவர் பட்டம் பெறுமுன் மறைந்தொழிதல் தகுமோ? களந்தேர்வோர் இதனை முன்னர்ச் சிந்திப்பாராக.