ஊரிலிருந்து ஆள் வந்தவுடன்

கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களை நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? மறுபடியும் பிறந்த, ஞானஸ்நானம் பெற்ற, ஜெப ஜீவியமுள்ள மணமகள் தேவை என்ற ரீதியில் ஆரம்பிக்கும். படிக்கும்போதே ஆமென் சொல்லத் தோன்றும். அடுத்த வரியில் சாதி. அதற்கடுத்து உட்பிரிவு. மறுபடியும் பிறந்தாலும் பாருங்கள், அதே சாதியில்தான் பிறக்கிறார்கள்! நிக்கோதேமுவுக்குக் கூட இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

வெளியில் நின்று கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் ஞானஸ்நானம் வாங்கி, வங்கி வேலையில் நாக்பூர், போபால் என்று மாற்றலாகி, இப்போது புனேயில் ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போகிறவன் நான். திருவிருந்துக்கு முழங்கால் போடுகிறவன். அதனால்தான் கோபம் வருகிறது.

வெளியூர்த் தமிழ்ச் சபைகளில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஊரில் ஒரே தெருவுக்குள் மூன்று சபை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதி அடையாளம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படிப் பிரிந்து உட்கார ஆள் போதாது. தூத்துக்குடிக்காரர், மார்த்தாண்டத்துக்காரர், வேலூர்க்காரர், தாராபுரத்துக்காரர் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தாக வேண்டும். ஒருத்தர் வீட்டில் பிரசவம் என்றால் இன்னொருத்தர் வீட்டிலிருந்து காயம் வைத்த குழம்பு போகும். அம்மா தவறிவிட்டார் என்று ராத்திரி போன் வந்தால், விமான டிக்கெட் எடுப்பதும் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைப்பதும் சபைக்காரர்தான். அந்தச் சமயத்தில் யாரும் யாரையும் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்டதில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை மதியச் சாப்பாட்டில் யார் வீட்டு பிரியாணி என்று பார்த்து யாரும் தட்டை நகர்த்தியதும் இல்லை.

பிறகு பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வரும். ஊரிலிருந்து பெரியப்பா வருவார்.

வேதத்தில் இதே கதை இருக்கிறது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். இடம் அந்தியோகியா. உபத்திரவத்தில் சிதறிப்போனவர்கள் போய்ச் சேர்ந்த ஊர், அதாவது நம்மைப் போல வந்தேறிகள் கட்டிய சபை. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும் அங்கேதான். அந்த ஊரில் பேதுரு, யூதர் அல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபுவிடமிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவுடன் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் கூட! பவுல் தனியாக அழைத்துப் போய் நாசூக்காகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கேட்டார்.

பேதுருவின் உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. கொர்நேலியு வீட்டிலேயே அவருக்குத் தெளிவாகிவிட்டது. அவர் பயந்தது ஊர்க்காரர்களுக்கு. நம் பிரச்சினையும் அச்சு அசலாக அதுதான். நம்மில் யாரிடம் கேட்டாலும் "கர்த்தருக்குள் சாதி இல்லை" என்று சரியாகப் பதில் சொல்வோம். ஊரிலிருந்து ஆள் வந்தவுடன் பந்தி மாறிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் (எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை) ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தார்கள். பாடகர் குழுவில் அவன் கீபோர்டு, அவள் ஆல்டோ. இரண்டு குடும்பமும் பதினெட்டு வருஷப் பழக்கம். பையனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தது பெண்ணின் அப்பா. இருவரும் ஓடிப்போகவில்லை, ஒளித்து வைக்கவில்லை. நேராகப் பெற்றோரிடம் வந்து, கல்யாணம் செய்து வையுங்கள் என்று கேட்டார்கள். எந்தச் சபையும் ஆசைப்பட வேண்டிய பிள்ளைகள். பையன் வீட்டில் முதல் வாரம் ஆட்சேபணை இல்லை. இரண்டாம் வாரம் ஊருக்குப் போன் போனது. மூன்றாம் வாரம் பெரியப்பா ரயிலேறி வந்தார். "தம்பி, அவுக நல்லவுகதான், நான் இல்லைங்கல. ஆனா நாளைக்கு நாம ஊருக்குள்ள தலை காட்டணும்லா?" அவ்வளவுதான். முடிந்தது.

ரத்தம் ஏறிய உடம்பு அது. ரத்தத்துக்கு இல்லாத தீட்டு சம்பந்தத்துக்கு எங்கிருந்து வந்தது?

அந்தச் சபை என்ன செய்தது என்கிறீர்கள்? ஜெபித்தது. தேவ சித்தம் நிறைவேறட்டும் என்று பொதுவாக ஒரு ஜெபம். பெரியப்பாவின் சித்தத்தை தேவ சித்தம் என்று கணக்கில் எழுதியாயிற்று. பெண் வீட்டார் இப்போது வேறொரு ஆராதனைக்குப் போகிறார்கள்.

இதைப் பேச ஆரம்பித்தால் உடனே வசனம் வரும். ஆபிரகாம் தன் இனத்தாரிடம்தானே ஈசாக்குக்குப் பெண் எடுக்கச் சொன்னார் என்பார்கள். சரி. அதே வேதத்தில் மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைக் குறை பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததே, அதை எந்தக் கல்யாண வீட்டிலாவது பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறீர்களா? மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரிசையிலேயே கானானியப் பெண் ராகாபும் மோவாபியப் பெண் ரூத்தும் இருக்கிறார்கள். போவாசுக்கு ஒரு பெரியப்பா இருந்திருந்தால் தாவீது பிறந்திருக்க மாட்டார்! அந்நிய நுகம் பற்றிய வசனத்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது அவிசுவாசிகளைப் பற்றியது. பக்கத்துப் பெஞ்சில் அதே அப்பத்தைப் புசிக்கிற விசுவாசியை அந்நியன் என்று சொல்ல அந்த வசனத்தில் ஒரு எழுத்தும் கிடையாது.

"பழக்க வழக்கம் ஒத்துப்போக வேண்டாமா?" என்பது அடுத்தது. புனேயில் பிறந்து, மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி, தமிழை அம்மாவிடம் மட்டும் பேசுகிற பிள்ளைகளுக்குள் என்ன பழக்க வழக்க வித்தியாசம்? இருவருக்கும் வடா பாவ்தான் பிடிக்கும். உண்மையில் ஒத்துப்போகாதது இங்கே வளர்ந்த பெண்ணும், சாதி பார்த்து ஊரில் தேடிப் பிடித்த மாப்பிள்ளையும்தான். அது ஆறு மாதத்தில் தெரியும்.

இனி கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள். சாதி என்ற வேலியைப் போட்டால் சந்தை சுருங்கும். அதற்குள் உட்பிரிவு, அதற்குள் நம் திருச்சபைப் பிரிவு, அதற்குள் பி.இ. படிப்பு, வெளிநாட்டு வேலை, உயரம், நிறம். கடைசியில் தேறுகிறவர்கள் ஊருக்கு நாலு மாப்பிள்ளைகள். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது முதல் வருஷப் பொருளாதாரம். நூறு சவரன், கார், ரொக்கம் என்று கேட்கிற தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? நாம் போட்டுக்கொடுத்த வேலியிலிருந்துதான். சீதனத்தைத் திட்டிக்கொண்டே சாதி பார்க்கிறவர், விலைவாசியைத் திட்டிக்கொண்டே பதுக்கல்காரனிடம் மட்டும் வாங்குகிறவர்.

இதன் மறுமுனை வங்கி மேஜைக்கு வரும். ஓய்வு பெற மூன்று வருஷமே இருக்கும் அப்பா. பி.எஃப். பணத்தை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இன்னும் பத்து லட்சம் வேண்டும். 12 சதவீதத்தில் 36 மாதம் என்றால் மாதத் தவணை 33,214 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம். கடன் காரணம் என்ற இடத்தில் 'திருமணச் செலவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அந்தக் கையெழுத்து ஒரே மாதிரிதான் நடுங்கும். எங்கள் ஆட்கள் என்றால் மட்டும் கிளம்பும்போது "ஆண்டவர் வழி திறப்பார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். வாங்குவது மட்டும் இல்லை, கொடுப்பதும் கேட்பதும் குற்றம்.

சபைக்கு இது புதுச் சண்டையும் இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெருங்கூட்டமாக விலகிப் போனார்கள். நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே அதற்குச் சில வருஷம் முன்பு, சாதியை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்தான். (பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் பாடுகிறேன்.) 1847-ல் மதுரையில் அமெரிக்க மிஷன்காரர்கள், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். மறுத்த உபதேசியார்கள் வேலை இழந்தார்கள். இன்றைக்கு அந்தப் பரீட்சையை நம்மில் யாரும் சிரித்துக்கொண்டே எழுதித் தேறிவிடுவோம். சாப்பாட்டில் சாதி போய்விட்டது, கல்யாணத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. இது அநியாயம், சேர்க்கத்தான் வேண்டும். மதம் மாறியும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான் நாம் வைக்கும் வாதம். கத்தோலிக்க ஆயர்கள் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சபைக்குள் இந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அப்படியானால் கொடுமை செய்கிறது யார்? மனுவில் கையெழுத்துப் போட்ட அதே கை மறுநாள் வரன் படிவத்தில் உட்பிரிவு எழுதுகிறது.

புனேக்கு வரும் நம் சொந்தக்காரர்களைக் கேட்காவ் முக்தி மிஷனுக்கு அழைத்துப் போகிறோமே, அதைத் தொடங்கிய பண்டித ராமாபாய் சித்பவன் பிராமணப் பெண். 1880-ல் வேறு சாதியைச் சேர்ந்த வங்காளி வக்கீலை மணந்தார். அப்போது அவர் கிறிஸ்தவர் கூட இல்லை. ஞானஸ்நானம் பெற்றது 1883-ல்! நாம் மூன்று தலைமுறையாக, நான்கு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சபையில் வரன் விவரம் வாங்கி வைக்கும் படிவத்தில் சாதிக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்கிறோம் அல்லவா, அதற்கு முன்னால் போதகர் இரு வீட்டாரையும் உட்கார வைத்து என்ன கொடுக்கிறீர்கள், என்ன வாங்குகிறீர்கள் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். விரும்பிய இரண்டு விசுவாசப் பிள்ளைகளைச் சாதிக்காகப் பிரித்தால் மூப்பர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

கமிட்டியில் இதைச் சொன்னேன். "அண்ணே, அது குடும்ப விஷயம், சபை தலையிட முடியாது" என்றார் ஒரு சகோதரர். புது வீட்டுக்கு ஜெபம் செய்கிறோம், புது காருக்கு எண்ணெய் தொட்டு ஜெபம் செய்கிறோம், பிள்ளையின் நுழைவுத் தேர்வு ஹால் டிக்கெட்டை ஆல்டரில் வைத்து ஜெபம் செய்கிறோம். அதெல்லாம் யார் விஷயமாம்? பதில் வரவில்லை. அடுத்த பொருளான பண்டிகை ஏலத்துக்குப் போய்விட்டார்கள், அதற்கு நாற்பது நிமிஷம். குறிப்பேட்டில் என் பேச்சை எழுதவும் இல்லை. இந்த முறை எழுத்துமூலமாகவே கொடுத்திருக்கிறேன். இரண்டாம் சனிக்கிழமை கூட்டம்.