சமாதானம் கொடுக்கும் கை

சி.எஸ்.ஐ. கோயில்களில் திருவிருந்து ஆராதனையின் நடுவே சமாதானம் கொடுக்கும் வேளை ஒன்று உண்டு. குருவானவர் பீடத்தருகே நிற்பவர்களின் கையைப் பற்றுவார். அவர்கள் இறங்கி வந்து முதல் வரிசைக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து வரிசை வரிசையாகப் பின்வாசல்வரை அது கைமாறிப் போகும். 1947-இல் பல சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் அது வகுத்துக்கொண்ட திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்துச் சேர்த்த வழக்கம் இது. மேல்நாட்டுச் சபைகள் தங்கள் ஆராதனையைத் திருத்தியபோது அவற்றுக்கும் இது முன்மாதிரியானது.

பக்கத்தில் யார் நிற்பார் என்பது நம் கையில் இல்லை. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய சித்தப்பா நிற்கலாம். கமிட்டித் தேர்தலில் எதிரணியில் நின்றவர் இருக்கலாம். சாதி பார்த்து நம் வீட்டார் தள்ளியே வைத்திருந்த குடும்பத்துப் பையனாகவும் இருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எதிரே நீண்ட கை அவர்களைக் கேள்வி கேட்டுவிடுகிறது. வீட்டில் தனியாக டிவியில் ஆராதனை பார்ப்பவரை அப்படிக் கேட்க யாருமில்லை.

2020 மார்ச்சில் கோயில்கள் அடைபட்டபோது நேரலைதான் நம்மைத் தாங்கியது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கும், ஞாயிறும் வேலைநாளாகிவிட்ட வளைகுடாப் பிள்ளைகளுக்கும் இன்றும் அது பெரிய துணை. நான் கவலைப்படுவது நடக்கத் தெம்பிருந்தும், மணியோசை கேட்கும் தூரத்தில் இருந்தும், வீட்டிலேயே ஆராதனையை முடித்துக்கொள்கிறவர்களைப் பற்றி. நல்ல பிரசங்கம் கேட்கிறார்கள், பாட்டும் நன்றாயிருக்கிறது. ஆனால் ஒரு வாரம் பார்க்காவிட்டால் தேடுவார் யார்? கோயிலில் வழக்கமான இடம் காலியாய்க் கிடந்தால், "ஏன் அக்காவைக் காணோம், உடம்புக்கு முடியலையா?" என்று சாயங்காலம் ஒருத்தி படியேறி வருவாள்.

வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போட்டால் ஆமென்கள் வந்து குவிகின்றன. மனமார்ந்தவைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இரவு துணைக்குப் படுக்க ஓர் ஆள் வேண்டும். துக்க வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க ஆட்கள் வேண்டும். நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அசனம் என்னும் சபை விருந்து நடக்கும் நாளில் இப்படிப்பட்ட ஆட்களைப் பார்க்கலாம். காய் நறுக்கவும், சோறு வடிக்கவும், பந்தி விசாரிக்கவும் ஊரே நிற்கும். அன்று சேர்ந்து வேர்த்தவர்கள்தான் மறுநாள் ஒரு சாவென்றால் கூப்பிடாமலே வருகிறார்கள்.

தூரத்திலிருந்து பேசும் வசதி ஆதிச்சபைக்கும் இருந்தது. அதுதான் கடிதம். பவுலைப் போல அதைப் பயன்படுத்தியவர் யார்? அந்தப் பவுலே சிறையிலிருந்து தீமோத்தேயுவை மாரிக்காலத்துக்கு முன் வந்துசேரச் சொல்கிறார், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் எடுத்துவரச் சொல்கிறார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் இருக்கிறார் என்ற வருத்தமும் அதே நிருபத்தில் இருக்கிறது. அத்தனை சபைகளை எழுத்தாலேயே தாங்கிய அப்போஸ்தலனுக்கும் ஆள் வரவேண்டியிருந்தது.

ஆகவே, வரக்கூடியவர்கள் இந்த ஞாயிறு கோயிலுக்கு வாருங்கள். ஆராதனை முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் கொஞ்சம் நின்று பேசுங்கள். வர முடியாதவர் உங்கள் தெருவில் இருந்தால், போகிற வழியில் அவர் வீட்டிலும் நுழைந்து ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போங்கள்.